மரம் பட்டுப் போனால் ஆசிரியர் மட்டுமா பொறுப்பு?

ஆண்டுதோறும் ஜூன் 5ந் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1972ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை குறித்துக் கொடுத்த நாள் இது. அந்த நாள் நெருங்கியதும் பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றறிக்கை பறக்கிறது. மரக்கன்று நடு, உறுதிமொழி எடு, கோஷம் போட்டு ஊர்வலம் போ, போட்டோ எடுத்து அனுப்பு! 2024ம் ஆண்டில் இதே நாளன்று 'தாயின் பெயரில் ஒரு மரம்' என்ற இயக்கத்தைப் பிரதம மந்திரி துவக்கி வைத்தார். பள்ளிக்கூடங்களும் அதில் சேர்ந்தன. கன்று நட்ட படங்கள் இணையதளத்தில் ஏறின.

நல்ல காரியந்தானே என்று கேட்கலாம். நல்ல காரியந்தான். ஆனால் நட்ட கன்றுகளில் எத்தனை இன்று நிழல் தருகின்றன? வாசகர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பல இடங்களில் சென்ற ஆண்டு தோண்டிய அதே குழியில்தான் இந்த ஆண்டும் கன்று வைக்கிறார்கள்.

ஏன் இந்த நிலை? இதற்குப் பெரிய பண்டிதரைத் தேடிப் போக வேண்டாம். நடவு நடும் நம் விவசாயத் தொழிலாளிப் பெண்ணைக் கேட்டாலே சொல்லிவிடுவார். ஜூன் 5ந் தேதி கத்தரி வெயில் கழிந்து ஒரு வாரந்தான் ஆகியிருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பிரதான மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் மலையோரப் பகுதிகளைத் தவிர, மற்ற இடங்களில் ஜூன் மாதம் நட்ட கன்று நாலு மாதம் கைத்தண்ணீரில் பிழைக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குடிக்கவே தண்ணீர் போதாத பள்ளியில் கன்றுக்கு யார் குடம் தூக்குவது?

ஆனால் பழி எங்கே விழுகிறது? "வாத்தியார் மாதா மாதம் சம்பளம் வாங்குகிறார், ஒரு மரத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை" என்று டீக்கடையில் பேசுகிறோம். மேலிடத்திலும் அவரைத்தான் விளக்கம் கேட்கிறார்கள். மேலேயிருந்து ஒரு அடி, கீழேயிருந்து ஒரு அடி. மத்தளத்துக்குத்தான் இரண்டு பக்கமும் இடி! இந்தப் பேச்சில் நாமும் சேர்ந்துகொள்வது சரியா? உழைப்பாளி மக்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எது இந்தப் பாடம்?

சுற்றுச்சூழல், நிலைத்த வளர்ச்சி என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் புழங்குகின்றன. விஷயம் எளிது. இன்று நாம் பிழைக்கும் வழி, நாளை நம் பிள்ளைகள் பிழைக்கும் வழியை அடைத்துவிடக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஒரு கமிஷன் 1987ம் ஆண்டில் கொடுத்த அறிக்கையின் சாரமும் இதுதான். விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்று நம் பாட்டிமார்கள் சொல்லவில்லையா? அதுவேதான்.

இதைப் பள்ளியில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட் 1991ம் ஆண்டு நவம்பரில் உத்தரவிட்டது. எம்.சி.மேத்தா என்ற வக்கீல் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு அது. பல ஆண்டுகள் கழிந்தும் காரியம் சரிவர நடக்கவில்லை என்பதால், 2003ம் ஆண்டில் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, பாடத்திட்டம் தயாரிக்கும்படி தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைப் பணித்தது. இதற்கிடையில் 2001ம் ஆண்டில் மத்திய சர்க்கார் 'தேசிய பசுமைப் படை' என்ற பெயரில் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களைத் துவக்கியது.

ஏட்டில் எல்லாம் வந்துவிட்டது. காசு எவ்வளவு வந்தது? பசுமைப் படையின் ஒரு மன்றத்துக்கு ஒரு கட்டத்தில் ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாய். பிறகு 5,000 ரூபாய் ஆக்கினார்கள். ஆண்டில் 220 நாள் பள்ளி நடக்கிறது என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். முதலில் நாளொன்றுக்குப் பதினொரு ரூபாய் சொச்சம். பிறகு இருபத்திரண்டு ரூபாய் சொச்சம். டீச் செலவு போன்ற இந்தக் காசில் பூமியைக் காக்கச் சொன்னால், ஆசிரியர் தம் சட்டைப் பையில் கை விடாமல் வேறென்ன செய்வார்?

ஆசிரியர் தலையில் எத்தனை பாரம்!

2009ம் ஆண்டில் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து! ஒரு ஆசிரியர் இரண்டு, மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்துத்தான் பாடம் நடத்த முடியும். அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றைத் தவிர, கல்விக்குச் சம்பந்தமில்லாத வேறு வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 27வது ஷரத்து சொல்கிறது. ஆனால் நாள் முழுதும் பட்டியல் தயாரிப்பதும், விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், படம் அனுப்புவதும் ஆசிரியர் தலையில்தான் விழுகின்றன.

இந்தப் பாரத்தின் மேல்தான் சுற்றுச்சூழல் என்ற இன்னொரு மூட்டையையும் ஏற்றி வைக்கிறார்கள். ஆலையில் ஆள் சேர்க்காமல் இயந்திரத்தை மட்டும் கூட்டினால் தொழிலாளிக்கு என்ன கதி ஏற்படும் என்பது நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நடப்பதும் அதுதான். வேலைப் பளுவை எதிர்த்து ஆலை வாசலில் குரல் கொடுக்கும் நாம், பள்ளி வாசலில் அதே பளுவைச் சுமப்பவரைப் பார்த்துக் கேலி பேசலாமா?

பாதிப் பாடம் போதாது

இன்னொரு முக்கியமான விஷயம். பள்ளியில் என்ன பாடம் சொல்லப்படுகிறது? குழாயை மூடு, பிளாஸ்டிக் பையை எறியாதே, விளக்கை அணை. இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2019ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் தடை செய்யப்பட்டன. 2021ம் ஆண்டு டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் துவங்கியது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அப்பா, கடைக்குப் பை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்கிறார்கள். சந்தோஷந்தான்.

ஆனால் இது பாதிப் பாடம். அரசியல் சட்டத்தில் 1976ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இரண்டு ஷரத்துக்கள் சேர்ந்தன. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்கிறது ஒன்று. சுற்றுச்சூழலைக் காத்து மேம்படுத்துவது சர்க்காரின் பொறுப்பு என்கிறது மற்றொன்று. பள்ளிச் சுவரில் எழுதிப் போடுவது பிரஜையின் கடமையை. சர்க்காரின் பொறுப்பைச் சுவரில் எழுதிய பள்ளியை நாம் இதுவரை பார்க்கவில்லை! குழாயில் சொட்டும் தண்ணீரைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம். ஆற்றில் சாயத்தைக் கொட்டியவனை யார் கேட்பது?

நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களைக் கடந்து கரூர் ஜில்லாவில் காவிரியில் கலக்கும் ஆறு. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் ஒரு அணை கட்டி 1992ம் ஆண்டில் திறந்தார்கள். ஆனால் அணையில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்புப் போட வேண்டும். அந்த உப்பெல்லாம் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கிணற்றுக்கும் போயிற்று. அணைத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகளே, "ஐயா, திறந்துவிடாதீர்கள்" என்று கும்பிடும் நிலை வந்தது! விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்ப் பல ஆண்டு வழக்காடினார்கள். கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட் 2011ம் ஆண்டு ஜனவரியில் உத்தரவிட்டது.

நொய்யல் கரைப் பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர் இதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்வது? ஒரு தட்டில் மழைத் தண்ணீர், இன்னொரு தட்டில் அதே அளவு கிணற்றுத் தண்ணீர். இரண்டையும் வெயிலில் காய வைத்தால் போதும். கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் உப்பு வெள்ளையாகப் படியும். பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். "சார், இந்த உப்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விதான் உண்மையான பாடம். ஆசிரியர் தனி ஆளாய் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குவார். ஊரில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே செல்வாக்கு இருக்கிறது. ஆசிரியரின் வாயை அடைக்க ஒரு இடமாற்ற உத்தரவு போதும். ஊர் அவருக்குப் பின்னால் நின்றால் கதையே வேறு.

வேலை போய்விடாதா?

இந்த இடத்தில் ஆலைத் தொழிலாளித் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "பட்டறையை மூடினால் எங்கள் அடுப்பல்லவா அணையும்? ஆற்றுக்காக எங்கள் வயிற்றில் அடிப்பதா?" நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. 2011ம் ஆண்டில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது முதல் அடி கூலித் தொழிலாளிக்குத்தான் விழுந்தது.

ஆனால் அதன்பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். திருப்பூர் அழிந்துவிட்டதா? இல்லை. கழிவு நீரைச் சுத்தம் செய்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்ப உபயோகிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. பட்டறைகள் மீண்டும் ஓடின. பனியன் வெளிநாட்டுக்குப் போயிற்று. அப்படியானால் முன்னமே செய்திருக்க முடியுந்தானே? செய்யாததற்குக் காரணம் செலவு. சுத்தம் செய்யும் செலவு உற்பத்திச் செலவில் ஒரு பகுதி. அதை முதலாளியும், மலிவாக வாங்கிப் போகும் அயல்நாட்டுக் கம்பெனிகளும் தங்கள் கணக்கில் எழுதாமல், ஒரத்துப்பாளையத்து விவசாயியின் கணக்கில் எழுதினார்கள். அந்தக் கடன் முற்றி வெடித்தபோது தொழிலாளியின் கணக்கில் எழுதினார்கள். வேலையா, ஆறா என்று நம்மையும் விவசாயியையும் மோத விடுவது பொய்ச் சண்டை. காலத்தில் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்திருந்தால் இரண்டுமே பிழைத்திருக்கும். ஆகவே இந்தப் பாடம் பள்ளியில் வருவது தொழிலாளிக்கு விரோதமல்ல, அவனுக்குப் பாதுகாப்பு.

"கூலிக்கே வழியில்லை, மரமும் மட்டையும் நமக்கெதற்கு?" என்று விவசாயத் தொழிலாளிகளில் சிலர் கேட்கலாம். வெயில் ஏறினால் யார் தலை காய்கிறது? வரப்பில் நிற்பவன் தலைதான். நிலத்தடி நீர் வற்றினால் யார் வீட்டில் கான் தண்ணீருக்குக் கூலிக் காசு போகிறது? 2018ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்தபோது யாருடைய கூரை பறந்தது? தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே உட்கார்ந்து படிப்பது யார் பிள்ளை? பணமுள்ளவர்கள் குளிர்சாதன அறைக்குள் போய்விடுவார்கள். மரநிழல் நமக்குத்தான் வேண்டும்.

பக்கத்து ராஜ்யத்தைப் பாருங்கள்

ஆசிரியரும் மக்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1962ம் ஆண்டில் துவங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பாலக்காட்டு ஜில்லாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் வந்தபோது, எம்.கே.பிரசாத் என்ற தாவரவியல் பேராசிரியர் அந்தக் காட்டின் அருமையை எழுதினார். ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய், படம் காட்டி, கணக்குப் போட்டு விளக்கினார்கள். மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் தொழிற்சங்கங்களிலும் இருந்தார்கள். பரிஷத் அவர்களை விரோதியாகப் பாவிக்கவில்லை. மின்சாரத்துக்கு வேறு என்ன வழி என்று புள்ளிவிவரத்தோடு வாதாடியது. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 1983ம் ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. 1984ம் ஆண்டில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் தமிழ்நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1980ம் ஆண்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டை ஜில்லாவில் கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதை நாடே வியந்து பார்த்தது. ஆசிரியர்களும் தொண்டர்களும் ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நடத்திய வேலை அது. 1993ம் ஆண்டில் துவங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக, பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்க் குளத்தையும் கிணற்றையும் குப்பையையும் ஆராய்ந்து கட்டுரை எழுதி வருகிறார்கள். சுற்றறிக்கைக்குப் பயந்து கன்று நட்டவர்களல்ல இந்தப் பிள்ளைகள். தங்கள் கேள்விக்குத் தாங்களே பதில் தேடியவர்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

புத்திமதி சொல்லி முடித்துவிட்டால் நாமும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியவர்களாகி விடுவோம். ஆகவே உருப்படியான சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கை உதவி. மரம் நடுவதை ஐப்பசி மழைக்குத் தள்ளி வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஜூனில் படம் வேண்டுமென்றால் விதை போடும் படம் எடுக்கட்டும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். அந்த விதை சீக்கிரம் முளைப்புச் சக்தியை இழந்துவிடும். உதிர்ந்த கையோடு பையில் ஊன்றினால் மழைக் காலத்துக்குள் கன்று தயார். பூவரசு, கிளுவை, முருங்கைக்குக் கன்றுகூட வேண்டாம், போத்து போதும். இதெல்லாம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரிந்தது. பட்டணத்தில் படித்து வந்த ஆசிரியருக்குத் தெரியாமலிருக்கலாம். சத்துணவு சாப்பிட்ட பின் நூறு பிள்ளைகள் தட்டும் கையும் கழுவ ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு நூறு லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பினால் வாழையும் முருங்கையும் அதிலேயே வளரும். ஆலையில் பிட்டர் வேலை, எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் தோழர் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒழுகும் குழாய் நிற்கும், மழைநீர்க் குழாய் சீராகும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003ம் ஆண்டிலேயே கட்டாயமாக்கினார்கள். ஆனால் அடைத்துக் கிடக்கும் குழாய்கள் எத்தனை! 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லி மீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஒரே இரவு மழைக்கு இவ்வளவு!

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இதன் வேலை. சர்க்கார் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படிக் கூட்டத்துக்கு வருவார்? வராவிட்டால் ஊரில் வசதியுள்ளவர்கள் பேசுவதே தீர்மானமாகிறது. வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடத்தும்படி சங்கம் கோர வேண்டும். தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், கூடுதல் ஆசிரியர் ஆகிய நான்கையும் வளர்ச்சித் திட்டத்தில் எழுத வைக்க வேண்டும்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் 2022ம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் சேர்த்தது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். பிள்ளைகள் ஊர்க் குளத்தை அளந்து, ஆக்கிரமிப்பைக் குறித்து, தண்ணீரைச் சோதித்து எழுதிய அறிக்கையை அன்று கிராம சபையில் படிக்கட்டும். ஆசிரியர் வாய் திறந்து கேட்க முடியாததை ஊர்மக்கள் தீர்மானமாகப் போடலாம்.

நான்காவது, நம் அனுபவம். நம் கூலி வேலையிலும் படிப்பு இருக்கிறது. குழியடிச்சானும் மாப்பிள்ளைச் சம்பாவும் எந்த நிலத்தில் விளையும், வயலில் நண்டும் நத்தையும் குறவையும் எப்போது குறைந்தன என்பதை ஒரு முதியவர் வந்து சொன்னால் அது ஒரு பாடம். பஞ்சுத் தூசியால் நுரையீரல் என்னவாகிறது, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் ஏன் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு ஆலைத் தொழிலாளி சொன்னால் அதுவும் சுற்றுச்சூழல் பாடந்தான். ஆலைக்குள் இருக்கும் காற்றும் காற்றுத்தானே! தன் அப்பாவின் இருமலுக்குக் காரணம் அறிந்த பிள்ளை நாளை மூகமூடியும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் கேட்கும்.

ஐந்தாவது, துணை நிற்பது. குளத்தையோ ஆற்றையோ பற்றிப் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொன்னதற்காக ஒரு ஆசிரியருக்குத் தொந்தரவு வந்தால், அதை அவருடைய சொந்த விவகாரம் என்று விட்டுவிடக் கூடாது. ஆசிரியர் சங்கத்தோடு நம் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

தூய்மை என்ற பெயரில் ஒரு அநியாயம் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக் கழிப்பறையைப் பிள்ளைகளை விட்டுக் கழுவச் சொன்னதாகவும், அதிலும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பொறுக்கி அந்த வேலைக்கு விட்டதாகவும் பத்திரிகைகளில் செய்திகள் வந்திருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து வகுப்பறையைப் பெருக்கினால் அது ஒழுங்கு. ஒரு சாதிப் பிள்ளை கையில் மட்டும் விளக்குமாற்றைக் கொடுத்தால் அது கொடுமை. இப்படிச் செய்கிற ஆசிரியருக்கு நம் துணை கிடையாது. கழிப்பறைக்குத் தூய்மைப் பணியாளர் வேண்டும், அவருக்கு முறையான சம்பளம் வேண்டும் என்று கேட்பதுதான் நியாயம். சாதிக் குப்பையைக் கூட்டித் தள்ளாத பள்ளிக்கூடம் எத்தனை மரம் வைத்தாலும் சுத்தமான பள்ளிக்கூடமாகாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்காரனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். 2005ம் ஆண்டில் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் கீழ் ஊர் ஊராகக் குளம் வெட்டியதும் வாய்க்கால் தூர் வாரியதும் இந்தக் கூலிக்காரர்களின் கைகள். வாசலில் தயங்கி நிற்கும் தாய்மார்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். என்ன வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

தோழர்களே! வரும் ஐப்பசிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்குள் ஒவ்வொரு சங்கக் கிளையிலிருந்தும் நாலு பேராவது தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். குறை கண்டுபிடிக்கப் போக வேண்டாம். "சார், டீச்சர், எங்களால் என்ன ஆகும்? சொல்லுங்கள்" என்று கேட்கப் போக வேண்டும். அந்தக் கேள்வியோடு மண்வெட்டியையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு போங்கள்!